ரிமோட் ஸ்விட்ச் பொருத்தும் முறை: வீட்டு விளக்கிலிருந்து பட்டறை மோட்டார் வரை

'30 ஆம்பியர்' என்று அச்சடித்த ஒரு சிறிய பெட்டியும் இரண்டு பொத்தான் ரிமோட்டும் எலக்ட்ரிகல் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. மோட்டாருக்குப் போகும் ஃபேஸ் ஒயரை வெட்டி நடுவில் அந்தப் பெட்டியைச் சேர்த்தால் மோட்டார் ஓடும், நிற்கும். ஆரம்பத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். பிறகு ஒரு நாள் ரிமோட்டை அழுத்தினால் பெட்டிக்குள் 'டிக்' என்ற ஒலி மட்டும் கேட்கும், மோட்டார் நிற்காது. உள்ளே இருக்கும் ரிலேயின் (மின்காந்தத்தால் முனைகளைச் சேர்த்துப் பிரிக்கும் சிறு ஸ்விட்ச்) முனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதைத் தவிர்க்க ஒரே ஓர் எண்ணத்தை மனதில் வைத்தால் போதும். ரிமோட்டை ஸ்விட்ச் என்று நினைக்காதீர்கள், ஸ்விட்சை அழுத்தும் விரல் என்று நினையுங்கள். விரல் மின்சாரத்தைத் தாங்குவதில்லை. மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது விரல் தானாகப் போய்ப் பொத்தானை அழுத்துவதும் இல்லை. கீழே சொல்லும் மோட்டார் இணைப்புகள் எல்லாம் இந்த இரண்டையும் ஒட்டியவை.

முதலில்: எதற்குப் போடலாம், எதற்குக் கூடாது

விளக்கு, மின்விசிறி, எக்ஸாஸ்ட் ஃபேன், தண்ணீர் மோட்டார், மரப் பட்டறையில் தூள் இழுக்கும் இயந்திரம், கம்ப்ரசர் ஆகியவற்றுக்குத் தாராளமாகப் போடலாம். இவை ஓடத் தொடங்கும்போது ஒருவர் கை அவற்றுக்குள் இருக்காது.

வட்ட ரம்பம், இழைப்பு இயந்திரம், லேத், கிரைண்டர், டிரில்லிங் மெஷின் ஆகியவற்றை ரிமோட்டில் ஓட்டத் தொடங்கவே கூடாது. பிளேடு மாற்றிக்கொண்டிருப்பவரின் சட்டைப் பையில் கிடக்கும் ரிமோட் எதன் மீதாவது அழுந்தினால் என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. அவசரத்துக்கு நிறுத்தும் காளான் வடிவச் சிவப்புப் பொத்தானுக்கும் ரிமோட் மாற்று ஆகாது. பேட்டரி தீர்ந்தாலோ அலை எட்டாமல் போனாலோ ரிமோட் சும்மா இருந்துவிடும். அவசரப் பொத்தான் ஒயர் வழியாக நேரடியாக இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

வீட்டில் இஸ்திரிப் பெட்டி, வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் ராட், மின் அடுப்பு ஆகியவற்றையும் இந்தத் தடைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஆள் பார்க்காத இடத்தில் சூடாகும் எதற்கும் ரிமோட் வேண்டாம். சுவரில் பொருத்திய சேமிப்புக் கீசரில் தெர்மோஸ்டாட் இருப்பதால் அதை மட்டும் விதிவிலக்காகக் கொள்ளலாம்.

எந்த வகை ரிமோட்

சந்தையில் கிடைப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். 315 அல்லது 433.92 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் இயங்கும் எளிய ரிமோட்டுகள் முதல் வகை. அலைபேசிச் செயலியால் இயங்கும் வைஃபை ஸ்விட்சுகள் இரண்டாவது. சிம் கார்டு போட்ட மொபைல் ஸ்டார்ட்டர்கள் மூன்றாவது. இவை தோட்டத்துக் கிணற்றுக்கு உரியவை.

பட்டறைக்கு என் ஓட்டு ரேடியோ ரிமோட்டுக்குத்தான். கையில் பிசின் ஒட்டியிருக்கும்போது அலைபேசியைத் திறந்து செயலியைத் தேடுவது வேலைக்கு ஆகாது. வைஃபை ஸ்விட்சுகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே ஏற்கும். ரவுட்டர் அணைந்தால் பல மாடல்கள் செயலிக்குக் கட்டுப்படாது. வீட்டு வாசல் விளக்கை வெளியூரிலிருந்து போடவும், நேரம் குறித்து அணைக்கவும் வைஃபை நல்லது.

வயதானவர்களின் கட்டில் ஓரத்துக்கு இன்னொரு நல்ல வகை உண்டு: பேட்டரியே இல்லாத ஸ்விட்ச். அழுத்தும் விசையிலிருந்தே ஒரு சிறு ஜெனரேட்டர் மின்சாரம் உண்டாக்கி அலையை அனுப்பிவிடும். சுவரை உடைக்காமல் இருபக்க ஒட்டுநாடாவில் ஒட்டிவிடலாம்.

ரேடியோ ரிமோட்டிலும் வேறுபாடு இருக்கிறது. பழைய வகையில் எட்டு முனைகளை மேலே, கீழே, நடுவே என்று ஜம்பர் (முனைகளை இணைக்கும் சிறு துண்டு) போட்டுக் குறியீடு அமைப்பார்கள். மொத்தமே 6,561 சேர்க்கைகள். பலர் ஜம்பரைத் தொடுவதே இல்லை என்பதால் உங்கள் ரிமோட்டுக்குப் பக்கத்து வீட்டு விளக்கு எரிய வாய்ப்பு உண்டு. ஈ.வி.1527 சிப் கொண்ட 'லேர்னிங்' வகையில் 20 பிட் குறியீடு, அதாவது 10 லட்சத்துக்கு மேற்பட்ட சேர்க்கைகள். விளக்குக்கும் மோட்டாருக்கும் இது போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே குறியீட்டையே அனுப்புவதால் நகல் எடுப்பது எளிது. கேட், ஷட்டர் போன்றவற்றுக்கு, அழுத்தும்தோறும் குறியீடு மாறும் 'ரோலிங் கோட்' வகையையே வாங்குங்கள்.

ஆம்பியர் கணக்கு

ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். இது மோட்டார் தண்டில் கிடைக்கும் ஆற்றல். அது இழுக்கும் மின்சாரம் இதைவிட அதிகம். 230 வோல்ட் ஒற்றை ஃபேஸில் 2 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் 10 முதல் 12 ஆம்பியர் வரை இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு. அந்த ஒரு கணம்தான் சிறிய ரிலேயைக் கொல்கிறது. முனைகள் சேரும்போது மெல்லத் துள்ளும்; துள்ளும்போது தீப்பொறி பறக்கும்; உருகிய உலோகம் குளிர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

பெட்டியின் மேல் அச்சடித்த எண் பெரும்பாலும் சுடுகம்பி போன்ற எளிய சுமைக்கு உரியது. மோட்டாருக்கு அதைக் கால் பங்காக எண்ணிக்கொண்டால் பிழை வராது. உள்ளே இருக்கும் அச்சிட்ட தகட்டின் செம்புத் தடம் 30 ஆம்பியரைத் தாங்குமா என்று திறந்து பார்த்தாலே சந்தேகம் வந்துவிடும். எல்.இ.டி. விளக்குகளும் எரியத் தொடங்கும் கணத்தில் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். பத்துப் பதினைந்து விளக்குகளை ஒரே ரிலேயில் சேர்க்க வேண்டாம்.

3,000 வாட் கீசர் என்றால் 3,000-ஐ 230-ஆல் வகுத்து 13 ஆம்பியர். 16 ஆம்பியர் வைஃபை ஸ்விட்ச் கணக்கின்படி போதும் என்றாலும், தொடர்ந்து ஓடுகையில் ஸ்விட்ச் பாக்ஸுக்குள் சூடு சேரும். இங்கே ஒரு காண்டாக்டர் (காயில் காந்தமாகி, கனத்த முனைகளை இழுத்துச் சேர்க்கும் பெரிய ஸ்விட்ச்) போடுவதே சரி.

வீட்டு விளக்குக்கும் மின்விசிறிக்கும்

மெயினை அணையுங்கள். டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் ஓர் இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்த பிறகே அணைத்த இடத்தில் சோதியுங்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயினை அணைத்தாலும் பாதி வீட்டில் மின்சாரம் இருக்கும். அதையும் தனியே அணைக்க வேண்டும்.

ரிமோட்டின் அலையை வாங்கும் பெட்டியான ரிசீவர் உயிரோடு இருக்க ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் வேண்டும். நம் ஊர் ஸ்விட்ச் போர்டுகளில் ஐந்து துளை பிளக் பாயின்ட் ஒன்று கூடவே இருப்பது வழக்கம் என்பதால் நியூட்ரல் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். கறுப்பு ஒயர் என்பதாலேயே அது நியூட்ரல் என்று நம்பிவிடாதீர்கள். மெயினைப் போட்டு மல்டிமீட்டரில் அளந்தால் ஃபேஸுக்கும் அதற்கும் இடையே 230 வோல்ட் அளவு காட்ட வேண்டும்; அளந்ததும் மெயினை மறுபடி அணையுங்கள். இன்வெர்ட்டர் லைனின் ஃபேஸை எடுத்து, வேறு லைனின் நியூட்ரலோடு சேர்த்தால், மின்கசிவு கண்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழும்; 'ரிமோட் சரியில்லை' என்ற பழி பெரும்பாலும் இதனால்தான் வருகிறது. எர்த் ஒயரை நியூட்ரலாகப் பயன்படுத்துவது உயிருக்கு ஆபத்து.

இணைப்பு எளிது. சுவர் ஸ்விட்சிலிருந்து வெளிவரும் ஃபேஸ் ரிசீவரின் 'எல்' முனைக்கு, நியூட்ரல் 'என்' முனைக்கு, ரிசீவரின் வெளியீடு விளக்குக்கு. சுவர் ஸ்விட்சை எப்போதும் போட்டு வைத்து ரிமோட்டில் இயக்கலாம். மின்விசிறிக்கு வேகப் படிகள் வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த, உள்ளே கெபாசிட்டர் வைத்த ரிசீவரை வாங்குங்கள். விளக்கின் ஒளியைக் குறைக்கும் டிம்மரை மின்விசிறிக்குப் போட்டால் உறுமும், சூடாகும்.

பட்டறையில்: தூள் இழுக்கும் இயந்திரத்துக்கு

2 ஹெச்.பி. ஒற்றை ஃபேஸ் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். தேவையானவை: 20 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்), 25 ஆம்பியர் மூன்று துருவக் காண்டாக்டர் (230 வோல்ட் காயில்), அதற்குப் பொருந்தும் ஓவர்லோடு ரிலே (மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் நிறுத்துவது), ஒரு பச்சை, ஒரு சிவப்புப் பொத்தான், இரண்டு ரிலே கொண்ட ரிசீவர். காண்டாக்டர் வாங்கும்போது 'ஏசி-3' என்று குறித்த ஆம்பியரைப் பாருங்கள். அதுதான் மோட்டாருக்கு உரியது. 'ஏசி-1' எண் பெரியதாக இருக்கும், அது ஹீட்டருக்கு. வயர் 2.5 சதுர மில்லிமீட்டர், தூரம் அதிகமானால் 4.

முதலில் ரிமோட்டை மறந்துவிட்டு, கையால் அழுத்தும் ஸ்டார்ட்டரைக் கட்டுங்கள். எம்.சி.பி.யிலிருந்து வரும் ஃபேஸ், காண்டாக்டரின் முதல் துருவம் வழியாகவும் ஓவர்லோடு ரிலே வழியாகவும் இறங்கட்டும். அங்கிருந்து ஒரு லூப் ஒயரை மேலே கொண்டுபோய் மூன்றாம் துருவம் வழியாக மறுபடி இறக்கி மோட்டாருக்குக் கொடுங்கள். நியூட்ரல் நடுத்துருவம் வழியாகப் போகட்டும். எதற்கு இந்தச் சுற்றுவழி என்றால், ஓவர்லோடு ரிலே மூன்று துருவங்களிலும் சமமாக மின்சாரம் ஓடுவதை எதிர்பார்க்கிறது. இரண்டில் மட்டும் ஓடினால் ஒரு ஃபேஸ் போய்விட்டதாக எண்ணிக் காரணமில்லாமல் விழும்.

அடுத்தது கட்டுப்பாட்டுப் பாதை. இதற்கு 0.75 அல்லது 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் போதும், 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று தொடக்கத்தில் இருக்கட்டும். ஃபேஸ், ஓவர்லோடு ரிலேயின் 95-96 முனைகள் வழியாகச் சிவப்புப் பொத்தானுக்கு வருகிறது. சிவப்பு எப்போதும் மூடியே இருக்கும் வகை, அழுத்தினால் திறக்கும். அங்கிருந்து பச்சைப் பொத்தான், அழுத்தினால் மூடும். பச்சையைக் கடந்தால் காண்டாக்டர் காயிலின் ஏ1 முனை. ஏ2 நியூட்ரலுக்கு. பச்சைப் பொத்தானுக்கு இணையாகக் காண்டாக்டரின் 13-14 முனைகளைச் சேர்க்க வேண்டும். பச்சையை ஒருமுறை தொட்டதும் காண்டாக்டர் இழுக்கும், 13-14 மூடும், விரலை எடுத்தாலும் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். சிவப்பைத் தொட்டால் விடும். மின்சாரம் போனாலும் விடும். திரும்பி வந்தால் தானாகப் பிடிக்காது.

இந்த அளவுக்குக் கட்டி, கையால் ஓட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகு ரிமோட்டுக்கு வாருங்கள். ரிசீவரின் முதல் ரிலேயில் 'காம்' (பொது முனை), 'என்.ஓ.' (சும்மா இருக்கும்போது திறந்திருப்பது) என்ற இரண்டு முனைகளைப் பச்சைப் பொத்தானுக்கு இணையாகச் சேர்க்க வேண்டும். இரண்டாம் ரிலேயில் 'காம்', 'என்.சி.' (சும்மா இருக்கும்போது மூடியிருப்பது) முனைகளைச் சிவப்புப் பொத்தானோடு வரிசையில் சேர்க்க வேண்டும். வேலை முடிந்தது. ரிமோட்டின் 'ஏ' பொத்தான் பச்சையை அழுத்தும் விரல், 'பி' பொத்தான் சிவப்பை அழுத்தும் விரல். சிறிய ரிலேயில் ஓடுவது காயிலுக்கான மிகச் சிறிய மின்சாரம் மட்டுமே.

வாங்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். சில ரிசீவர்களில் ரிலேயின் காம் முனை உள்ளுக்குள்ளேயே ஃபேஸோடு சேர்ந்திருக்கும்; வெளியே 230 வோல்ட்டாகத்தான் வரும். இந்த இணைப்புக்கு அது உதவாது. காம், என்.ஓ., என்.சி. மூன்றும் தனித்தனியாக, எதனோடும் சேராமல் வெளியே வந்திருக்க வேண்டும்.

காண்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் 'எக்ஸ்2' கெபாசிட்டரையும் 100 ஓம் ரெசிஸ்டரையும் வரிசையில் சேர்த்த ஒரு ஸ்னப்பர் போடுவது நல்லது. காயில் விடும்போது எழும் மின்னழுத்தத் துள்ளலால் ரிசீவர் திகைத்து நின்றுவிடுவதை இது தடுக்கும். ஸ்னப்பரை ரிலே முனைகளுக்குக் குறுக்கே போடாதீர்கள்; அதன் வழியே கசியும் மின்சாரத்தால் காயில் முழுதாக விடாமல் முனகும்.

குறியீட்டைக் கற்பித்தல்

ரிசீவரில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை எத்தனை முறை அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்து ரிலேயின் நடத்தை மாறும். 'மொமென்டரி' என்றால் ரிமோட்டை அழுத்தியிருக்கும் வரை மட்டும். 'டாகிள்' என்றால் ஒரே பொத்தான் மாறி மாறிப் போட்டு அணைக்கும். 'லாட்ச்' என்றால் ஒன்று போட, இன்னொன்று அணைக்க. பல மாடல்களில் ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை என்று இதே வரிசை. எட்டுமுறை அழுத்தினால் எல்லாம் அழியும். மாடலுக்கு மாடல் மாறலாம் என்பதால் பெட்டியில் வரும் துண்டுச் சீட்டைத் தூக்கிப் போடாமல் பேனல் மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள்.

விளக்குக்கு டாகிள் போதும். மேலே சொன்ன மோட்டார் இணைப்புக்கு இரண்டு ரிலேயும் மொமென்டரியாகவே இருக்க வேண்டும். டாகிளில் மோட்டாரை ஓட்டினால் இன்னொரு தொல்லை: அது ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத தூரத்திலிருந்து நிறுத்துவதாக நினைத்து ஓடவிட்டுவிடலாம்.

ஆன்டெனா

ரிசீவரிலிருந்து தொங்கும் அந்த ஒயர் அழகுக்காக இல்லை. 433.92 மெகாஹெர்ட்ஸுக்கு 17.3 சென்டிமீட்டர், 315-க்கு 23.8 சென்டிமீட்டர் நீளம் இருந்தால் நல்லது. சுருட்டி உள்ளே திணிக்காமல் நேராக நிற்க விடுங்கள். தகரப் பேனலுக்குள் ரிசீவரை வைத்து மூடினால் அலை உள்ளே போகாது. பிளாஸ்டிக் பெட்டியில் தனியாக வைத்துப் பேனலுக்கு மேலே பொருத்துவதே எளிய வழி. '100 மீட்டர்' என்பது திறந்த வெளியில், புது பேட்டரியில். இடையில் கான்கிரீட் சுவர்கள் வந்தால் அதில் பாதியைக்கூட எதிர்பார்க்க வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கும் வரிசை

மோட்டாரைக் கழற்றிவிட்டு காண்டாக்டரை மட்டும் ரிமோட்டில் இழுக்க வையுங்கள். இழுத்த நிலையில் எம்.சி.பி.யை அணைத்து மறுபடி போடுங்கள். காண்டாக்டர் தானாக இழுக்கக் கூடாது. இழுத்தால் இணைப்பு தவறு, அதோடு நிறுத்திவிட்டுத் தேடுங்கள். அடுத்து, எம்.சி.பி.யை அணைத்துவிட்டு ரிசீவரின் ஃபேஸ் ஒயரை மட்டும் துண்டியுங்கள்; எம்.சி.பி.யை மறுபடி போட்டு, பச்சையால் ஓட்டி, சிவப்பால் நிறுத்திப் பாருங்கள். ரிசீவர் செத்தாலும் கைப் பொத்தான்கள் வேலை செய்ய வேண்டும். ஓவர்லோடு ரிலேயில் உள்ள டெஸ்ட் பொத்தானையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். பிறகுதான் மோட்டார்.

தூள் குழாயில் அடைப்பு எடுக்கவோ விசிறியைத் தொடவோ போகும்போது ரிமோட்டில் அணைத்திருப்பது அணைத்ததாகக் கணக்கில்லை. பிளக்கைப் பிடுங்கி, கண் முன்னால் வைத்துக்கொண்டே கை வையுங்கள்.

கிணற்று மோட்டார்

தோட்டத்து மோட்டார் மூன்று ஃபேஸ் என்றால், அதன் டி.ஓ.எல். (மோட்டாரை நேரடியாக லைனில் சேர்த்துக் கிளப்பும்) ஸ்டார்ட்டரிலும் இதே பச்சை, சிவப்பு, விரல் கதைதான். பல ஸ்டார்ட்டர்களின் மூடிக்கு உள்ளே, வெளிப்பொத்தான் சேர்ப்பதற்கான படமே ஒட்டியிருக்கும். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு: இவற்றின் காயில் பெரும்பாலும் இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே 415 வோல்ட்டில் இயங்குவது. ரிசீவரின் ரிலே 250 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. காயிலை 230 வோல்ட்டுக்கு மாற்றி நியூட்ரலோடு இணைக்க வேண்டும். இதை உரிமம் பெற்ற வயர்மேனிடம் விட்டுவிடுங்கள்.

ஒற்றை ஃபேஸ் போர்வெல் பேனலில் ஆபத்து வேறு. சில பேனல்களில் பச்சைப் பொத்தானை இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போது ஸ்டார்ட் கெபாசிட்டரின் கனத்த மின்சாரம் நேராக அந்தப் பொத்தான் வழியாகவே ஓடும். அதற்கு இணையாகச் சிறிய ரிலேயைச் சேர்த்தால் ஒட்டிக்கொள்ளும், கெபாசிட்டர் வெடிக்கும். ஸ்டார்ட் கெபாசிட்டரைத் தானாகத் துண்டிக்கும் பேனலாக மாற்றிய பிறகே ரிமோட்டைப் பற்றி யோசியுங்கள்.

தூரமும் ஒரு கேள்வி. வீட்டிலிருந்து சில நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் கிணற்றுக்கு 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் எட்டாது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் அலையில் இயங்கும் 'லோரா' வகைக் கருவிகள் திறந்த தோட்டத்தில் ஒரு கிலோமீட்டரையும் தாண்டும். அலைபேசிச் சிக்னல் நன்றாக இருந்தால் மொபைல் ஸ்டார்ட்டர் போதும். சிம் ரீசார்ஜ் முடிகிற தேதியை மட்டும் மறக்கக் கூடாது. மொபைல் ஸ்டார்ட்டரில், மின்சாரம் வந்ததும் தானாகக் கிளம்பும் 'ஆட்டோ' முறையைப் போட்டு வைப்பது பலருக்கும் பழக்கம். மூன்று ஃபேஸ் மின்சாரம் வந்ததும் ஊரிலுள்ள மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பினால் டிரான்ஸ்பார்மர் திணறும். குறைந்தது, ஒவ்வொருவரும் தாமத நேரத்தை வெவ்வேறாக வைக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத மோட்டாருக்குப் பதில் தகவல் அவசியம். 'ரிலே போட்டாயிற்று' என்று மட்டும் சொல்லும் கருவி போதாது. ரிலே போட்டும் காண்டாக்டர் இழுக்காமல் இருக்கலாம், மோட்டார் ஓடியும் தண்ணீர் வராமல் இருக்கலாம். மோட்டார் இழுக்கும் ஆம்பியரை அளந்து சொல்லும் கருவியை வாங்குங்கள். தண்ணீர் வற்றினால் ஆம்பியர் குறையும், அதை வைத்துத் தானாக நிறுத்தும் வசதியும் அதிலேயே கிடைக்கும். மேல்தொட்டி நிரம்பி வழிவதைத் தடுக்க மிதவை ஸ்விட்ச் போடுங்கள், அதற்கு ரிமோட் உதவாது.

அடிக்கடி வரும் பழுதுகள்

தூரம் மெல்ல மெல்லக் குறைந்தால் பேட்டரி. சாவிக்கொத்து ரிமோட்டுகளில் பெரும்பாலும் 23ஏ அல்லது 27ஏ என்ற 12 வோல்ட் சிறு பேட்டரி இருக்கும். இரண்டும் தடிமனில் வேறு, மாற்றி வாங்கினால் உள்ளே அமராது. ரிமோட்டின் விளக்கு எரிவதை மட்டும் வைத்துப் பேட்டரி நன்றாக இருப்பதாக முடிவு கட்ட வேண்டாம்.

குறிப்பிட்ட ஒரு விளக்கு எரியும்போது மட்டும் ரிமோட் எட்டவில்லை என்றால், அந்த எல்.இ.டி.யின் டிரைவர் அலை இரைச்சலைக் கிளப்புகிறது. விளக்கை மாற்றுங்கள், அல்லது ரிசீவரை ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள்.

காண்டாக்டர் உறுமினால் முதலில் காயிலில் வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். 230 சரியாக இருந்தால், மின்சாரத்தை அணைத்துவிட்டுக் காந்த முகப்பைத் திறந்து பாருங்கள். மரப் பட்டறையில் பெரும்பாலும் அங்கே மெல்லிய தூள் படிந்திருக்கும். காய்ந்த துணியால் துடைத்தாலே உறுமல் நின்றுவிடும். எண்ணெய் போடக் கூடாது, தூள் இன்னும் ஒட்டும்.